ஆறு எண்கள்

பெற்றோல் அடித்து, காசைக் கொடுத்துவிட்டு வந்து காரில் ஏறியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்குள் எஞ்சின் பிடித்தால் அன்றைக்கு நல்ல நாள். நாலுக்குப் போனால் இரவு நித்திரை இல்லை. காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆவது பெரிய விஷயமல்ல. ஓடிச் சூடேறியதை நிறுத்திவிட்டு உடனே திரும்ப எடுக்கும்போதுதான் இந்த எஞ்சினின் வயது தெரியும்.

கார், 2008ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8. என் கைக்கு வந்தபோது 118,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. ஸ்காபரோவில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொரோலா நிற்கும். அதே காசுக்கு எனக்கும் ஒன்று வந்திருக்கும். ஐம்பது வயதில் இது என்ன விசர் வேலை என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் ஓர் எண்தான்: 9,000. மற்றக் கார்கள் ஆறாயிரம் சுற்றிலேயே மூச்சு வாங்கும்போது, இது தையல் மெஷின் போல அதிராமல் ஏறிக்கொண்டே போகும்.

உள்ளே பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. நிலக்கடலைக் கோது மாதிரி இடுப்பு ஒடுங்கிய அறைக்குள் ஒரு முக்கோணம் சுழல்கிறது. அப்படி இரண்டு. முக்கோணத்தின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு மெல்லிய பட்டை, அடியில் வில்லு வைத்து, சுவரை உரசியபடியே ஓடும். ஏபெக்ஸ் சீல் என்பார்கள். அது தேய்ந்தால் அமுக்கம் கசியும். அமுக்கம் போனால் எஞ்சின் போயிற்று. பட்டை காயாமல் இருப்பதற்காக எஞ்சின் தன் ஓயிலையே சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு எரிக்கிறது. பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை பொனற்றைத் திறந்து ஓயில் பார்க்கவேண்டும். கொரோலாக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பது அப்போதுதான்.

இந்தக் கவலைக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஜெர்மனியின் என்.எஸ்.யு. கம்பனி 1967இல் ரோ 80 என்ற காரை இதே வகை எஞ்சினோடு வெளியிட்டது. எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக, உத்தரவாதப்படி மாற்றிக் கொடுத்தே கம்பனி நொடிந்தது. வீதியில் எதிரெதிரே வரும் ரோ 80காரர்கள் விரல்களை உயர்த்திக் காட்டுவார்களாம், எத்தனையாவது எஞ்சின் என்று. மாஸ்டாவில் கெனிச்சி யமமோட்டோவும் அவருடைய 47 பொறியியலாளர்களும் சுவரில் விழுந்த தழும்புகளைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், அதற்குப் பிசாசின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் அதே கம்பனியின் சுழல் எஞ்சின் 1991இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தையே வென்றது வேறு கதை. எனக்குப் பிடித்தவர் இதைக் கண்டுபிடித்த பீலிக்ஸ் வாங்கெல். கண் பார்வை மட்டு, சாரதிப் பத்திரம் எடுத்ததேயில்லை. அவரிடம் ஒரு ரோ 80 இருந்தது, ஓட்டியது வேறொருவர். ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலையையும் அந்தச் சாரதியிடமே விட்டிருப்பார்.

என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு மார்கழிக் காலை மனைவியின் காருக்கு வழிவிட இதைப் பத்தடி நகர்த்தி, உடனே நிறுத்திவிட்டேன். குளிர்ந்த எஞ்சினை இப்படி அரை நிமிடத்தில் நிறுத்தக்கூடாது. எரியாத பெற்றோல் பட்டையிலிருக்கும் ஓயிலைக் கழுவிவிடும். கையேட்டில் இருக்கிறது, வாசித்துமிருக்கிறேன். மாலையில் கார் அசையவில்லை. அக்சிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றினால் பெற்றோல் உள்ளே வராது, ஈரம் வெளியே போகும். பத்துப் பதினைந்து தடவை சுற்றினேன். கடைசியில் பிடித்தபோது வந்த வெள்ளைப் புகையைக் கண்டு முன்வீட்டு அன்ரி கையில் ரெலிபோனோடு வெளியே ஓடி வந்தார்.

அந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பற்றரி செத்த கார், தள்ளித்தான் எடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்கே போவது? வீட்டு வாசலில் மண் கொட்டி ஒரு மேடு போட்டு, காரை அதில் ஏற்றி நிறுத்தி வைத்தார். எஞ்சினைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் கண்டதில்லை. கவலைக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

போன மாதம் துணிந்து அமுக்கச் சோதனைக்குக் கொண்டுபோனேன். சாதாரண அமுக்கமானி இதற்குச் சரிவராது. முக்கோணத்தின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும் அது காட்டும். நல்ல முகம் ஒன்று கெட்ட இரண்டை மறைத்துவிடும். இதற்கென்றே உள்ள கருவி ஆறு முகங்களுக்கும் ஆறு எண்கள் தரும். மெக்கானிக் தம்பி துண்டை நீட்டினான். 730, 720, 720. இரண்டாவதில் 710, 700, 700. நிமிடத்துக்கு 250 சுற்றில் ஆகக் குறைந்தது 680 கிலோபாஸ்கல் இருக்கவேண்டும்.

“பாஸ் அண்ணை,” என்றான். பிறகு, நான் கேட்காமலே, “இப்போதைக்கு.”

அந்த இருபதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு தடவை 9,000 வரை போனேன். அடிக்கடி அப்படி ஓட்டினால்தான் உள்ளே கரி படியாது என்பது இந்தக் கார்காரர்களின் வைத்தியம். நானும் வைத்தியத்துக்காகவே செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் தமிழ்க் கடைக்குப் போனால், வாசலுக்குக் கிட்ட எவ்வளவு இடம் வெறுமையாக இருந்தாலும் நான் பின்பக்க மூலைக்குத்தான் போவேன். அங்கே மழைத்தண்ணீர் வடிவதற்காக நிலத்தைக் கொஞ்சம் சரித்துவிட்டிருக்கிறார்கள்.

“ஏனப்பா இவ்வளவு தூரம் நடக்க வைக்கிறியள்?” என்று மரக்கறிப் பைகளோடு மனைவி கேட்பாள். பக்கத்துக் காரின் கதவு பட்டுக் கீறல் விழாமல் இருக்க என்று சொல்லி வைத்திருக்கிறேன்.