புஞ்சை விஷயமாகத் தம்பிக்கு

பந்தல்குடி

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுவது. உங்க அத்தானுக்கு முட்டுவலிதான் விடமாட்டேன் என்கிறது. மழை ஒரு உழவுக்குப் பெய்துவிட்டு நின்றுவிட்டது. குதிரைவாலி முளைத்துவிட்டது, உளுந்தை நம்ப முடியாது.

போனில் நீ பேசியதற்கு அப்போதே நாலு கொடுத்திருப்பேன். பக்கத்தில் உன் மாமியார் குரல் கேட்டதால் வாயை மூடிக்கொண்டேன். "அந்தம்மா ஆளுக சேரகுளத்துல கருவேலங்காட்டைத்தானே வாங்குனாங்க, யாருக்கு என்னக்கா நஷ்டம்?" என்றாயே, கரிசலில் பிறந்தவன் கேட்கிற கேள்வியாடா அது?

ஜெயலலிதா மேல் எனக்கு இருந்த பிரியம் உனக்குத் தெரியும். 2016 டிசம்பரில் அவர் போன அன்று நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இன்றைக்கும் யாராவது அவரைக் கேவலமாகப் பேசினால் சண்டைக்குப் போவேன். அதற்காக இதையும் சரி என்று சொல்ல முடியுமா? ஊரெல்லாம் கொடநாடு, சிறுதாவூர் என்று பங்களாக்களையே பேசுகிறது. எனக்கு உறுத்துவது சேரகுளம், மீரான்குளம், வல்லகுளம் பக்கத்துப் புஞ்சைகள்தான். ரிவர்வே அக்ரோ என்ற கம்பெனி பேரில் ஆயிரம் ஏக்கருக்கு மேல். எல்லாம் 1991-96 ஆட்சிக் காலத்துக் கிரயம். 2014 செப்டம்பரில் சொத்துக்குவிப்பு கேஸில் பெங்களூரு கோர்ட் அந்தக் கம்பெனிச் சொத்தைப் பறிமுதல் செய்யச் சொன்னது. அடுத்த வருஷம் ஹைகோர்ட் அதை மாற்றியது. 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் பழைய தீர்ப்பையே நிலைநிறுத்தியது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த மண் கேஸ் கட்டில் சர்வே நம்பராகக் கிடந்திருக்கிறது.

மானாவாரிக் காட்டில் வெள்ளாமை சில மாசம்தான். அது முடிந்தால் ஆடு மாடு மேயும், கீதாரி கிடை போடுவான், பொம்பளைகள் விறகு பொறுக்குவார்கள். அடங்கலில் வெறும் தரிசு என்றிருக்கும். மழைத்தண்ணீர் நம் புஞ்சையிலிருந்து சின்னையா புஞ்சைக்கு இறங்கி, ஓடையில் விழுந்து, கண்மாய்க்குப் போகிறது. குறுக்கே ஒருத்தன் மொத்தமாக வளைத்துக் கம்பிவேலி போட்டால் வரத்து என்ன ஆகும்? சின்னையா வரப்பை வெட்டினால் வாசலில் நின்று வைது மண்ணை வாரித் தூற்றலாம். கம்பெனியை எந்த வாசலில் போய் வைவது? கட்சி எதுவானாலும் இதுதான் நடக்கும். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் வந்ததே, அங்கேயாவது கரண்ட் வருகிறது. வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா கிடக்கிற காட்டில் கருவேலம்தான் வரும்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் தெரியுமா? அந்தப் புரோக்கர் மறுபடி வந்தான். திருச்சுழி ரோட்டில் நம் புஞ்சையோடு சேர்த்து நாற்பது ஏக்கர் கேட்கிறானாம். வாங்குகிறது யார் என்றால், "பெரிய இடம்க்கா" என்று சிரிக்கிறான். பேர் சொல்லாதவனுக்கு நான் கைநாட்டுக்கூட வைக்கமாட்டேன். உன்னிடம் பவர் எழுதிக் கேட்டு நேராகச் சென்னைக்கே வருவான். காபி கொடுத்து அனுப்பு, கையெழுத்து மட்டும் போடாதே. வீட்டுக் கடன் நெருக்குகிறது என்றால் வெட்கப்படாமல் சொல், என் நகை இருக்கிறது.

அய்யா பேரிலிருந்த மூலப் பத்திரம் உன் பீரோவில்தான் இருக்கும், தேடிப் பார். பட்டாவை நம் இரண்டு பேர் பேருக்கும் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். பொங்கலுக்கு வரும்போது வாரிசுச் சான்றையும் மறக்காமல் எடுத்து வா.

உன் அக்கா,
பாண்டியம்மாள்