நாய்க்கு ஒரு கூப்பே

நாயை ரயிலில் அழைத்துப் போக வேண்டுமானால் நம் நாட்டில் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, பிரேக் வானில் இருக்கும் நாய்ப் பெட்டியில் அதைப் போட்டுப் பூட்டிவிட்டு, நாம் நம்முடைய பெட்டிக்குப் போய்ப் படுத்துக் கொள்வது. மற்றொன்று, முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நம் பெயருக்கே பதிவு செய்துகொண்டு, நாயும் நாமுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு போவது. நாலு பேர் அறைக்குப் பணம் கட்ட மனமில்லாதவர்கள், இரண்டு பேர் படுக்கிற சின்ன அறையை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சின்ன அறைக்குப் பெயர் கூப்பே.

இந்த ரயில்வே விதியை நான் ஏன் இவ்வளவு சிரத்தையாகப் படித்து வைத்திருந்தேன் என்றால், என் சம்சாரத்தோடு வாதாடுவதற்காக.

"ஏங்க, ரெண்டே கதவு இருக்கிற வண்டியை வாங்கி என்ன செய்யப் போறீங்க? முத்துவை எங்கே உட்கார வைக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

"ரயில்வேயே நாய்க்காரனுக்குக் கூப்பேதான் என்று சொல்லிவிட்டது. இதுவும் கூப்பேதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நல்ல ஹாஸ்யங்கள் வீட்டில் எடுபடுவதில்லை.

முத்து எங்கள் நாய். ராஜபாளையம் ஜாதி. வெள்ளை வெளேரென்ற உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005-ஆம் ஆண்டில் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்காக நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது, அதில் ஒன்றில் இடம் பிடித்த வம்சம். ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. இந்த ஜாதிக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாகப் போய்விடுகின்றன. முத்துவும் அப்படித்தான். கொண்டு வந்து பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டேன், அவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கைச் சாடையால் பேசிக்கொள்ளக் கற்றுக்கொண்டோம். இரவில் கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுவோம். அந்த அதிர்வு அவனுக்கு எட்டும்.

கார் ஆசை முத்துவுக்கு மிகவும் முந்தியது. பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் பந்தயத் தளம் திறந்தார்கள். பையனாக இருந்த என்னை என் தாய்மாமன் ஒரு தடவை அங்கே அழைத்துப் போனார். தரையோடு தரையாகப் பதிந்து, முதுகு சரிந்து, இரண்டே கதவுகளோடு ஒரு கார் எங்களைக் கடந்து போயிற்று. "மாப்பிள்ளே, வாங்கினா இப்படி ஒண்ணு வாங்கணும்டா" என்றார் மாமா. அவர் கடைசி வரையில் ஸ்கூட்டர்தான் ஓட்டினார். எனக்குப் பரீட்சையும் சரியாக வரவில்லை, கணக்கும் வரவில்லை. கதை எழுதப் போய்விட்டேன். நாற்பத்தைந்தாவது வயதில் ஒரு சினிமாவுக்குக் கதை வசனம் எழுதிக் கொஞ்சம் பணம் வந்தது. மாமா சொன்ன வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு தரகர் எனக்கு 2012-ஆம் வருஷத்து ஆடி டிடி ஒன்றைக் காட்டினார். கைமாறிய வண்டி. "ஆடியா? தள்ளுபடி எவ்வளவு?" என்று கேட்டாள் சம்சாரம். இந்த ஹாஸ்யம் மட்டும் வீட்டில் எடுபட்டது.

ஆடி என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. ஹோர்ஷ் என்ற ஜெர்மானியர் தாம் ஆரம்பித்த கம்பெனியை விட்டு 1909-இல் வெளியே வந்தார். புதிய கம்பெனிக்குத் தம் சொந்தப் பெயரையே வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. ஹோர்ஷ் என்றால் அவர்கள் பாஷையில் 'கேள்' என்று அர்த்தம். அதை லத்தீனில் சொன்னால் ஆடி. ஆக, 'காது கொடுத்துக் கேள்' என்று பெயர் வைத்த காரைக் காது கேளாத நாய்க்காக நான் பரிசீலித்துக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சினின் உறுமல்தான் வண்டிக்கே அழகு என்று தரகர் சொன்னார். முத்துவுக்கு அந்த அழகு கிடையாது. ஆனால் வண்டி கிளம்பியதும் அவன் தாடையைத் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். நான் காதால் அனுபவித்ததை அவன் எலும்பால் அனுபவித்தான்.

வாங்குவதற்கு முன் யோசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது போலப் பார்த்தேன். இந்த வண்டியில் பின் சீட்டு என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குச் சரி. முன் சீட்டைச் சாய்த்து அந்தச் சந்து வழியாக 28 கிலோ நாயை ஏற்றுவது நடக்காத காரியம். ஆனால் பின்பக்கம் கண்ணாடியோடு சேர்ந்து மூடி முழுவதும் மேலே தூக்கிக்கொள்ளும். சாமான் வைக்கிற இடம் 290 லிட்டர். பின் சீட்டுகளை மடித்துப் போட்டால் 700 லிட்டர். ஒரு மெத்தை போட்டால் நாய்க்குப் பள்ளியறை. முத்துவின் தோள் உயரம் 70 சென்டிமீட்டர். அங்கே நிற்க முடியாது, படுக்கலாம். ஓடுகிற வண்டியில் நாய் நிற்பதைவிடப் படுத்திருப்பதே நல்லது.

முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்க ஸ்வாரஸ்யமாகத்தான் இருக்கும். ஆனால் மோதினால் வெடித்து விரிகிற காற்றுப் பை மனிதனை உத்தேசித்துச் செய்தது, நாயை உத்தேசித்து அல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது, ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். கட்டாத நாய் அந்த வேகத்தோடு முன்னால் வந்து விழும். ஆகவே கழுத்தில் அல்லாமல் மார்பில் மாட்டுகிற பட்டை ஒன்று வாங்கி, தரையில் உள்ள கொக்கியில் இணைத்தேன்.

என் சிநேகிதர் ஒருவர், "நாய்க்காரனுக்கு ஜீப் மாதிரி உயரமான வண்டிதான் சரி" என்று அபிப்பிராயம் சொன்னார். அவருடைய நாய்க்கு வயது மூன்று. முத்துவுக்கு எட்டு. வயதான பெரிய நாய்க்கு இடுப்பு முதலில் போகும். உயரமான வண்டியில் ஏற அது குதிக்க வேண்டும். அதைவிட, இறங்கும்போது முழுப் பாரத்தையும் முன்னங்கால்களில் வாங்க வேண்டும். தாழ்ந்த வண்டியில் முன்னங்கால்களைத் தானே தூக்கி வைப்பான், பின்பக்கத்தை நான் தாங்கிக் கொடுப்பேன்.

தாழ்ந்த வண்டிக்கு நம் தெருக்களில் வேறு சத்துரு உண்டு. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் நூல் போட்டு எழுதி வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் இருப்பது, யாரோ இரவோடு இரவாகப் பாடை இறக்கி வைத்துவிட்டுப் போனது போல் இருக்கும். அதன் மேல் வண்டியைக் கோணலாக ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் முத்து தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பான். கண்டிக்கிற பார்வை அல்ல. என்ன விஷயம் என்று விசாரிக்கிற பார்வை.

இப்படி எல்லாவற்றையும் பார்த்தேன். ஓடுகிற காரைப் பற்றி நான் யோசிக்காத சங்கதியே இல்லை. நிற்கிற காரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஏப்ரல் மாதம். காலை பதினொரு மணி. முத்துவுக்கு இடுப்பு ஊசி போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். சம்சாரம் ஊரில் இல்லை. வழியில் ஒரு பாங்கியில் கையெழுத்துப் போட வேண்டிய வேலை இருந்தது. ஐந்து நிமிஷம்தான். ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி விட்டுப் போனேன். முத்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்திய சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

உள்ளே ஒரு டோக்கன் கொடுத்தார்கள். முன்னால் நாலு பேர். பிறகு ஒரு கையெழுத்துப் பொருந்தவில்லை என்றார்கள். ஆயிரம் கதைகளுக்கு அடியில் போட்ட கையெழுத்து பொருந்தவில்லையாம். எனக்குக் கோபம் வந்தது, வாதாடினேன். வாதத்தில் ஜெயித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. இந்த வண்டியின் அழகு முழுவதும் அந்தச் சரிந்த பின்கண்ணாடியில்தான் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? நேர்க் கண்ணாடி வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சரிந்த கண்ணாடி வெயிலை அண்ணாந்து வாங்கும். அதற்கு நேர் கீழே முத்து ஒருக்களித்துக் கிடந்தான். நாக்கு கருஞ்சிவப்பாக நீண்டு வெளியே தொங்கிற்று. வாயெல்லாம் நுரை. மூடியைத் தூக்கினேன். அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னை முந்திக்கொண்டு குடத்தோடு ஓடி வந்தாள். "தூக்குங்க சாமி, நெழல்ல போடுங்க" என்று சொல்லி வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரை ஊற்றினாள். நான் பாங்கிக் காகிதங்களை விசிறியாகப் பிடித்து வீசினேன். அன்று அவை உருப்படியாகப் பயன்பட்டது அதற்குத்தான். பிறகு குளிர்காற்றைப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அந்த அம்மாள் கடையை அப்படியே விட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்பக்கம் திரும்பி, வழி முழுவதும் ஈரத் துணியால் அவன் காதைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் மூச்சிரைத்து என்ன பயன்? 2005-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு டாக்டர்கள் நிறுத்தி வைத்த காரில் சோதனை செய்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரி 22 டிகிரி ஸெல்ஸியஸ் ஏறுகிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் சொல்லிக்கொள்ளும்படியான பிரயோஜனம் இல்லை. என்னுடைய இரண்டு அங்குலம் என் மனச்சாட்சிக்குக் காற்று வருவதற்காக இறக்கியது, நாய்க்காக அல்ல.

முத்து பிழைத்துக்கொண்டான். இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றினார்கள். ஊரிலிருந்து திரும்பிய சம்சாரம் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள், "வண்டியை வித்துடட்டுமா?" என்று நானே கேட்டேன்.

"அம்பாஸடரா இருந்தா மட்டும் வெயில் அடிக்காதா?" என்றாள் அவள்.

அந்த ஒரு கேள்விக்கு நான் தரகரிடமும் சிநேகிதரிடமும் கேட்ட அத்தனை கேள்விகளும் ஈடாகாது. உயரமான வண்டியானாலும் நாலு கதவு வண்டியானாலும் அன்று நான் ஐந்து நிமிஷம் என்று சொல்லிக்கொண்டு இறங்கித்தான் போயிருப்பேன். கதவுகளை எண்ணினேன், லிட்டரை எண்ணினேன். என்னை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கூப்பே என்ற பிரெஞ்சு வார்த்தைக்கு 'வெட்டியது' என்று பொருள். நாலு பேர் உட்காரும் குதிரை வண்டியில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பேருக்கு மட்டும் இடம் வைத்தார்களாம், அதனால் வந்த பெயர். இரண்டு பேர் சேர்ந்து இருந்தால்தான் அது கூப்பே. ஒருவனை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு மற்றவன் போய்விட்டால் அதற்கு ரயில்வேக்காரர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்: நாய்ப் பெட்டி. அன்று பாங்கி வாசலில் நான் நிறுத்திவிட்டுப் போனது அதைத்தான்.

வண்டியை விற்கவில்லை. பின்கண்ணாடிக்கு உள்ளே ஒரு திரை போட்டிருக்கிறோம். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் போய்த் திரும்பிவிடுவோம். முத்து உள்ளே இருக்கிற வரையில் ஓர் ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் இரண்டு பேராகப் போகும்போது சுலபம். நான் தனியாகப் போகும்போதுதான் அதற்குப் பரீட்சை.

போன வாரம் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பும்போது காப்பிப் பொடி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். கூட்டமே இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடியில் முத்துவைப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம்தான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"காப்பிப் பொடி எங்கே?" என்றாள் சம்சாரம்.

"முத்து கூட இருந்தான்" என்றேன்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக் கடைக்குக் கிளம்பினாள். முத்துவும் எழுந்து, இடுப்பை ஒரு தடவை உதறி நேராக்கிக்கொண்டு, அவள் பின்னாலேயே நடந்தான்.