நாலு வருஷச் சக்கரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லேத் பட்டறை நடத்துகிற எவரும் உலோகத்தை எடைக்கு மட்டும் விலை போடுவதில்லை. எத்தனை டூல் தேயும், மிஷின் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதும் கணக்கில் ஏறும். டைட்டானியத்தைக் கடையும்போது எழும் சூடு, இரும்பில்போலச் சுருளோடு கழன்று போகாமல் டூல் முனையிலேயே தங்கி அதைப் பொசுக்கும். பிளாட்டினம் மென்மையானதுதான், ஆனால் முனையில் அப்பிக்கொள்ளும். முன்னது கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், பின்னது 21.4. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, ஸ்விட்சர்லாந்தின் ஓடிமார் பிகே நிறுவனம் 2019-இல் ஒரு ‘ராயல் ஓக்’ நிரந்தர நாட்காட்டிக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் இயந்திரத்தின் தடிமன் 2.89 மில்லிமீட்டர், ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய கனம். விலையில் பெரும்பங்கு கூலி என்று எடுத்துக்கொண்டால் எனக்கு அதில் சண்டை இல்லை. சண்டை ‘நிரந்தர’ என்ற சொல்லோடு.

மாதத்துக்கு எத்தனை நாள், லீப் வருஷமா என்பதைத் தானே கணக்கிட்டுத் தேதி காட்டும் இவ்வகைக் கடிகாரத்தின் உயிர்நாடி, வழக்கமாக, நாலு வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும் ஒரு சிறு சக்கரம். விளிம்பில் 48 மாதங்களுக்கும் இடம் உண்டு. 31 நாள் மாதத்துக்குப் பள்ளம் இல்லை, 30-க்கு மேலோட்டமான பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். ஒரு நெம்புகோலின் மூக்கு அதில் இறங்கும் ஆழத்தைப் பொறுத்துத் தேதி தாவும். அழகான ஏற்பாடு. ஆனால் 2100 லீப் வருஷம் இல்லை என்பது சக்கரத்துக்குத் தெரியாது. அந்த பிப்ரவரி முடிவில் 29 என்று காட்டும். 2024-இல் ஐ.டபிள்யூ.சி. என்ற கடிகார நிறுவனம் 400 வருஷத்துக்கு ஒரு சுற்று வரும் சக்கரத்தைச் சேர்த்து இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதே என்று கேட்கலாம். தீர்ந்தது உண்மை. ஆனால் அதுவும் மனிதர் எழுதிய விதியைத்தான் மனப்பாடம் செய்கிறது. தமிழ் மாதம் அப்படிப் பிடிபடாது: சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்னா பின்னா என்று பார்த்துத்தான் முதல் தேதி விழும், ஆனி ஒரு வருஷம் 31, இன்னொரு வருஷம் 32. போதாததற்கு, வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில சமயம் ஒத்துப்போவதில்லை. பொன்னேரியில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சந்திக்கும் சித்திரைத் திருவிழா என்றைக்கு என்பதை எந்தப் பள்ளத்தில் வெட்டிவைப்பது?

தேதி வேண்டுமானால் செல்போன் போதாதா என்பது இன்னொரு கேள்வி. போதும், ஆனால் அது வெளியே கேட்டுச் சொல்கிறது. இந்தச் சக்கரம் யாரையும் கேட்பதில்லை, அந்த மட்டில் அதன் பெருமை நியாயமானது. ஒரு நிபந்தனை உண்டு. கையில் கட்டாமல் 40 மணி நேரம் மேசையில் கிடந்தால் அந்த ‘ராயல் ஓக்’ நின்றுவிடும். பிறகு கிழமை, தேதி, மாதம், லீப் வருஷமா என்பதுவரை ஒவ்வொன்றாக ஒருவர் அதற்கு எடுத்துக்கொடுக்க வேண்டும், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்து.