ஓசூரில் வீடு, பெங்களூரில் ஆபீஸ்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதத் தோன்றும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அப்படித்தான் எழுதினேன். (அந்தக் காகிதம் பிற்பாடு மனைவி கையில் சிக்கியது தனிக் கதை.)

போன மாசம் அவள் ஆபீஸிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்:

"ப்ரமோஷன் குடுத்துட்டாங்க. ஆனா பெங்களூர் போகணுமாம். எலெக்ட்ரானிக் சிட்டி."

கையில் வரும் சம்பளம் 80,000-லிருந்து 95,000. எனக்கு ஆட்சேபணை இல்லை. என் தொழில் பத்திரிகைகளுக்கு எழுதுவது. அதற்கு ஊர் முக்கியமில்லை. ஒரு மேஜை, ஒரு ஃபேன், முதல் தேதியானால் மனைவியின் சம்பளம்... இவ்வளவு இருந்தால் போதும்.

அன்று ராத்திரியே நோட்டை எடுத்தேன். மூன்று யோசனைகள். ஒன்று, ப்ரமோஷனை வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சென்னையிலேயே இருப்பது. இரண்டு, பெங்களூரிலேயே குடியேறுவது. மூன்று, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓசூரில் வீடு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ்.

முதலில் வரி. வருமான வரி டெல்லி சமாச்சாரம். ஊர் மாறினாலும் அது மாறாது. 2025 பட்ஜெட்டில், புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். சம்பளக்காரர்களுக்கு 75,000 கழிவையும் சேர்த்தால் 12.75 லட்சம். இத்தனை நாள் அந்தக் கோட்டுக்குள் நிம்மதியாக இருந்தவள், ப்ரமோஷனில் கோட்டைத் தாண்டுகிறாள். சந்தோஷமும் வரியும் ஒரே கவரில்!

ஊருக்கு ஊர் மாறுவது தொழில் வரி. சென்னையில் உச்சபட்சமாக அரையாண்டுக்கு 1,250, வருஷத்துக்கு 2,500. கர்நாடகத்தில் மாசம் 200. 2025 ஏப்ரலிலிருந்து பிப்ரவரிக்கு மட்டும் 300. ஆக அங்கேயும் 2,500! வருஷத்துக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு மாசத்தில் மட்டும் கூடுதல் நூறு ரூபாய் வாங்கி, உச்சவரம்பை நயா பைசா பிசகாமல் தொட்டிருக்கிறார்கள். நாள் குறைந்த மாசமாகப் பார்த்து வரியைக் கூட்டியவர் நிச்சயம் என்னைப்போல் காமர்ஸ்காரராகத்தான் இருக்க வேண்டும்.

ஓசூரில் குடியிருந்தாலும் வேலை பார்ப்பது கர்நாடகத்தில் என்பதால் சம்பளத்தில் பிடிப்பது அந்த ஊர் தொழில் வரிதான். ஆகவே வரி ஜாதகத்தில் மூன்று இடத்துக்கும் ஒரே பலன்.

"அப்ப வாடகைதான் முடிவு பண்ணணும். நேர்லயே போய்ப் பாத்துடலாம்" என்றாள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினோம்.

சனிக்கிழமை, எலெக்ட்ரானிக் சிட்டி. ஆபீஸிலிருந்து பத்து நிமிஷ நடையில் இரண்டு பெட்ரூம் வீடு. வாடகை 28,000. சென்னையில் நாங்கள் கொடுப்பது 18,000. தரகர் நல்ல மனிதர். கன்னடத்தில் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"ஆறு மாசம் அட்வான்ஸ் ஸார். காலி பண்ணும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை புடிச்சுக்குவாங்க."

"தண்ணி?" என்றாள் அம்மா.

"தண்ணி ப்ராப்ளமே இல்லம்மா. டாங்கர் வந்துரும்."

டாங்கர் வருகிறது என்றாலே ப்ராப்ளம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, பெங்களூரே டாங்கர் பின்னால் ஓடியதை அம்மா டி.வி.யில் பார்த்திருக்கிறாள். பேசாமல் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

நான் நோட்டில் எழுதினேன். அட்வான்ஸ் 1,68,000. வாடகை கூடுதல் 10,000. என் ஸ்கூட்டர் தமிழ்நாட்டு நம்பர். 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்துக்கொண்டால் நம்பரை மாற்றி, கர்நாடக வாகன வரியும் கட்ட வேண்டும். சம்பள உயர்வு 15,000-ல் மிஞ்சுவது வெங்காயத்துக்கும் தக்காளிக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை, ஓசூர். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சுமார் இருபது கிலோ மீட்டர். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். அதாவது பெங்களூரின் அதே குளிர், பெங்களூர் வாடகை இல்லாமல்! டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் ஒரு பக்கம். காதலர் தினத்துக்குக் கப்பலேறும் ரோஜாத் தோட்டங்கள் இன்னொரு பக்கம். 2019-ல் மாநகராட்சியாகிவிட்டது.

உழவர் சந்தையில் ஒரு கிழவி அம்மாவிடம் தமிழில் பேரம் பேசிவிட்டு, அடுத்த ஆளிடம் தெலுங்கில், அதற்கடுத்த ஆளிடம் கன்னடத்தில் அதே கத்திரிக்காயை அதே விலைக்கு விற்றாள். அம்மாவுக்கு ஊர் பிடித்துவிட்டது. மலைமேல் சந்திரசூடேஸ்வரர் கோயிலில் நின்று காற்று வாங்கியபோது, "இங்கயே இருந்துடலாம்டா" என்றாள். அப்பா போன பிறகு அம்மா எதையும் வேண்டுமென்று கேட்டதில்லை. மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வாடகை? அதே அளவு வீடு 12,000. என் நோட்டு சிரித்தது. பெங்களூரைவிட மாசம் 16,000 மிச்சம்! பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜியே படிப்புக்குப் பெங்களூர் போனவர்தான். இங்கிருந்து அங்கே போவது நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம் என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னேன்.

"சரி. நாளைக்குத் திங்கக்கிழமை. நான் அத்தைகூட லாட்ஜ்ல இருக்கேன். எனக்குப் பதிலா நீங்க ஒரு நாள் ஆபீஸ் போய்ட்டு வாங்க" என்றாள்.

போனேன் ஸார்.

காலை 7.50-க்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டு. பஸ் நிறையக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளைஞர்கள், நின்றபடியே தூங்குகிறார்கள். ஜூஜூவாடி வரை தமிழ்ப் பலகை. அத்திப்பள்ளியில் கன்னடம். கர்நாடக அரசு 2023 ஜூனில் கொண்டுவந்த 'சக்தி' திட்டத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசம்தான். ஆனால் கர்நாடக முகவரி வேண்டும். ஓசூர் முகவரிக்கு டிக்கெட்தான். சந்தாபுரத்தில் பஸ் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பொம்மசந்திரா வந்ததும் தலைக்கு மேல் மெட்ரோ. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை இங்கே தொடங்கி ஆர்.வி. ரோடு வரை ஜாலியாகப் போகிறது. ஓசூர்க்காரன் அதை அண்ணாந்து பார்க்கலாம். ஆபீஸ் வாசலை அடைந்தபோது 8.55.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பினேன். ஒரு மணி இருபது நிமிஷம், ஒரே காலில். இன்னொரு காலை வைக்க இடம் கிடைத்தபோது ஓசூர் வந்துவிட்டது.

"எப்படி இருந்தது?"

"பரவாயில்ல" என்றேன். அவள் என் கணுக்காலைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. பிறகு நோட்டை வாங்கினாள்.

"மிச்சம் 16,000. பஸ்ஸும் ஆட்டோவும் 3,000 போனா 13,000. பத்து நிமிஷ நடையில வீடு இருக்கறதைவிட தினம் ரெண்டு மணி நேரம் கூட. மாசம் 22 நாளைக்கு 44 மணி. ஆக, என் ஒரு மணி நேரத்தை 295 ரூபாய்க்கு விக்கறீங்க. ஆபீஸ்ல எனக்கு எவ்வளவு தெரியுமா? 95,000-ஐ 176 மணியால வகுங்க. 540! கிட்டத்தட்டப் பாதி விலை. ஆடித் தள்ளுபடியா?"

வாயடைத்துப் போனேன். மூன்று நாளாக எழுதிய கணக்கில் வரவெல்லாம் குடும்பத்துக்கு, பற்றெல்லாம் அவள் காலுக்கு. அதற்கு நான் ஒரு தலைப்பே போடவில்லை. பி.காமில் எனக்கு முதல் வகுப்பு!

"பெங்களூரே போயிடலாம்" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அம்மா அங்கே உட்கார்ந்து, கடைக்காரக் கிழவியிடம் கற்ற நாலு கன்னட வார்த்தைகளைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க. வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அப்ப மாசம் 13 நாள்தான் பஸ். 26 மணி நேரம். பஸ் செலவு 1,800. மிச்சம் 14,200. வகுத்துப் பாருங்க."

வகுத்தேன். 546 ரூபாய். மணிக்கு ஆறு ரூபாய் லாபம்! கணக்கு டேலியாகிவிட்டது. அம்மாவுக்கு ஓசூர், அவளுக்கு ப்ரமோஷன், எனக்கு மேஜை. சந்தோஷத்தில் நோட்டை மூடப்போனேன்.

"மூடாதீங்க. நான் பஸ்ல நிக்கற நாளெல்லாம் ராத்திரி சமையல் யாரு?"

இதோ, ஓசூர் வந்து மூன்று வாரமாகிறது. இந்தக் கட்டுரையை எழுதுவது மேஜையில் அல்ல. அடுப்பங்கரையில், ரசம் பொங்குவதற்குள். வருமான வரி, தொழில் வரி, வாகன வரி எல்லாம் படித்த எனக்கு இப்படி ஒரு வரி இருப்பது இத்தனை நாள் தெரியாது. இதற்குக் கழிவும் கிடையாது, உச்சவரம்பும் கிடையாது.

276-வது பிரிவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி யாராவது பார்லிமென்ட்டில் பேசுங்களேன்!