இருநூறில் பத்து

காலை எட்டரைக்குச் சங்கு ஊதியதும் மாடி முழுவதும் இயந்திரங்களின் இரைச்சல் ஏறிவிடுகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவு. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று பவர்டேபிள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கோடியில், குழல்விளக்குகளுக்கு அடியில் செக்கிங் மேஜை. சுவரோரம் துணிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அங்கே உட்கார்ந்திருப்பவரை யாரும் கவனிப்பதில்லை. அங்கிருந்து எல்லோரையும் பார்க்கலாம்.

புரொடக்ஷன் மேனேஜர் உள்ளே வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் இஞ்ச் டேப், கையில் டைரி. பள்ளியை விட்டதும் கைமடி வேலைக்கு வந்தவர். டெய்லராகி, சூப்பர்வைசராகி, இந்தப் பதவிக்கு உயர்ந்தவர். நடந்துகொண்டே விரல்களால் துணியைத் தடவிப் பார்க்கிறார். தையல் லேசாகக் கோணினாலும் தூரத்திலிருந்தே அவர் கண் பிடித்துவிடும். வேலையின் மேல் அவருக்கு இருக்கும் அக்கறையில் துளியும் பொய் இல்லை.

ஐரோப்பாவுக்குப் போகும் ஆறாயிரம் டீசர்ட்டுகளுக்கு நாளை இன்ஸ்பெக்ஷன். பத்து மணி வாக்கில் செக்கிங்கில் இருக்கும் பெண் ஒரு பீஸை விளக்குக்கு நேராகப் பிடிக்கிறார். அடிமடிப்புக்கு மேலே கடுகளவு ஓட்டை.

மேனேஜர் அதை வாங்கிப் பார்க்கிறார். முகம் சிவக்கிறது.

"யாரோட பீஸ் இது? பண்டல் நம்பரைப் பாரு."

நம்பர், ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. "கண்ணை எங்க வெச்சுட்டு ஓட்டற நீ?" இளைஞருக்குச் சொல் பாதிதான் புரிந்திருக்கும், குரல் முழுதாகப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொள்கிறார். சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு தலைகளும் கூடவே குனிகின்றன.

மேனேஜர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், இரண்டு மிஷின் தள்ளி இருக்கும் பெண் தன் கையிலிருக்கும் பீஸைப் பார்க்கிறார். அதிலும் ஓர் ஓட்டை. இடமும் வலமும் ஒரு பார்வை. பிறகு அதைப் பண்டலுக்கு அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அடுத்த அரைமணி நேரம் செக்கிங் மேஜைக்கு டேமேஜே வரவில்லை. மேனேஜரின் தோள்கள் சற்றுத் தளர்கின்றன. அதட்டல் பலித்துவிட்டது என்று அவர் நம்புகிறார். பலித்தது ஒளிப்பு மட்டுமே.

அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் இதே உண்மையைத்தான் எதிர்கொண்டார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் பிழைகள் அதிகமாகத் தெரிந்தன. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பயப்படாமல் பிழையைச் சொன்னார்கள் என்பதே காரணம் என்று அவர் விளங்கிக்கொண்டார். அந்த ஆய்வு வெளிவந்தது 1996இல். திருப்பூரின் இந்த மாடியில், ஒரு பண்டலுக்கு அடியில் அதன் மறுபக்கம் கிடக்கிறது.

செக்கிங் சூப்பர்வைசர் அக்கா இதுவரை ஒன்றும் பேசவில்லை. காலையிலிருந்து ஒதுக்கிய பீஸ்களை மேஜையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிக்கிறார். ஓட்டைகள் எல்லாம் அடிமடிப்பில்தான். வேறு எங்கும் இல்லை. நேராக பேட்லாக் வரிசைக்குப் போகிறார். இளைஞரிடம் சைகையால் சுவிட்சை அணைக்கச் சொல்லி, ஊசியின் முனையில் நகத்தை மெல்ல இழுக்கிறார். நகம் சிக்குகிறது.

"முனை போயிருச்சு தம்பி. வேற போட்டுக்கலாம்."

பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும். அது நூல்களை விலக்கிக்கொண்டு இறங்கும். முனை பழுதானால் நூலை வெட்டிவிடும். துவைத்து இழுபடும்போது அந்த வெட்டு பெரிதாகும். ஊசி மாறுகிறது. அக்கா வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொல்கிறார்: "ஓட்டை விழுந்தா உடனே கையைத் தூக்குங்க கண்ணு. ஊசி மாத்த ரெண்டு நிமிஷங்கூட ஆகாது."

பண்டலுக்கு அடியில் போன பீஸ் வெளியே வருகிறது. அதன் பின்னால், இன்னொருவர் ஒளித்திருந்த மூன்று.

ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தானே நின்றுவிடும். நிற்பது அந்தத் தறியின் குறையல்ல. அதற்காகவே அப்படிச் செய்தார்கள். பின்னாளில் டொயோட்டா கார் ஆலைகளில், பழுதைக் கண்ட தொழிலாளியே வரிசையை நிறுத்தலாம் என்ற உரிமைக்கு வேராக இருந்தது அந்தத் தறிதான். அக்கா அந்தக் கதையைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பழுதைப் பார்த்ததும் அவர் மனம் ஆளைத் தேடுவதில்லை, இடத்தைத் தேடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் வரிசை அவரிடம் உண்மையைச் சொல்கிறது.

மதியம். கண்ணாடி அறைக்குள் மேனேஜரின் டிபன் கேரியர் திறக்கப்படாமல் இருக்கிறது. அதன் மேல் மாத்திரை அட்டை. அக்கா வந்து நிற்கிறார்.

"இது ஃபெயில்தான். கப்பலைப் பிடிக்க முடியாது. ஏர்ல அனுப்பச் சொல்லுவாங்க. இந்த பையர் இனி நம்ம பக்கமே வரமாட்டான்."

"ஊசிதானுங்க சார். மாத்தியாச்சுங்க."

கடுகளவு ஓட்டையிலிருந்து கம்பெனி கைவிடப்படுவது வரை மேனேஜர் நான்கே வாக்கியங்களில் போய்விட்டார். இப்படித் தானாக எழுந்து, உண்மைபோலவே தோன்றி மனத்தை இழுத்துச் செல்லும் எண்ணங்களை 1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் தம் நோயாளிகளிடம் கண்டார். அவற்றைப் பிடித்து நிறுத்திச் சோதிக்கப் பழகலாம் என்பதே அவர் வளர்த்த சிகிச்சையின் அடிப்படை.

ஆனால் இந்த மனிதரின் பயம் வானத்திலிருந்து விழவில்லை. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த மாதங்களில் துணிக்குச் சாயம் ஏற்ற ஊர் ஊராக அலைந்தவர்களில் இவரும் ஒருவர். எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகலாம் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்ட மனம், இன்றைக்கும் ஒவ்வொரு காலையும் அதையே எதிர்பார்த்து எழுகிறது. தாமதத்துக்கான தள்ளுபடி, விமானக் கட்டணம் எல்லாம் கம்பெனியின் தலையில்தான் விழும் என்பதும் நிஜம். அந்தப் பாரத்தைப் பேசாமல் மனப்பாங்கை மட்டும் குறை சொல்வது அநீதி.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆறாயிரத்தில் எடுத்துப் பார்ப்பது இருநூறு பீஸ். ஏக்யூஎல் 2.5 என்ற அளவுப்படி, அந்த இருநூறில் பெரிய குறைகள் பத்து வரை இருக்கலாம். பதினொன்று வந்தால் ஃபெயில். வாங்குகிறவனே, வேலை மனிதக் கைகளால் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டு விட்டுவைத்திருக்கும் இடம் அது.

மாலையில் கணக்கு முடிகிறது. ஏழு. பாஸ்.

வரிசையில் யாரோ கை தட்டுகிறார்கள். மேனேஜர் டைரியைத் திறந்து, 'டேமேஜ் 7' என்று எழுதி அடிக்கோடு இடுகிறார். சரியாக வந்த 193 எழுதப்படவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டுகிறார். அவற்றிலும் தவறுகளின் பட்டியல்தான். பையர் பத்தை மன்னிக்கிறார். இவர் ஒன்றைக்கூட மன்னிப்பதில்லை. அந்த இளைஞரை நிமிர்ந்து பார்க்கவிடாத கண், இரவில் மேனேஜர் மீதே திரும்பும் என்பதை அந்த அடிக்கோடே சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில், நீண்டநாள் வேலை அழுத்தத்தால் வரும் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடம் சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. ஆகவே கம்பெனிக்கும் இதில் பொறுப்பு உண்டு. புது மிஷின் வந்தால் ஆள் அனுப்பிப் பயிற்சி தருகிறார்கள். நூறு பேரை வழிநடத்தும் மனத்துக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. அது தனக்கு நேர்ந்த அடிகளிலிருந்து தானாகக் கற்றுக்கொண்டதை வைத்தே ஓடுகிறது.

துணியை இவ்வளவு நுட்பமாகப் படிக்கத் தெரிந்தவருக்குத் தன் எண்ணத்தைப் படிப்பது எட்டாத வித்தை அல்ல. டேமேஜ் வந்ததும் ஆளைக் கேட்கும் முன் ஊசியைப் பார்ப்பது. டைரியில் ஏழுக்குப் பக்கத்தில் 193ஐயும் எழுதுவது. நல்ல வேலை செய்தவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது. இவற்றில் எதற்கும் செலவில்லை. வரிசையும் தேறும், அவர் சாப்பாடும் வயிற்றில் தங்கும்.