இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்து சென்றால் இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் வரும். அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர். அது இராமானுசர் அவதரித்த தலம் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே சேவித்துத் திரும்பியிருக்கும். ஆனால் போகும் வழியில், சுற்றுச் சுவருக்கு உள்ளே இருக்கும் கார்ப் பந்தயப் பாதையைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. சென்ற விடுமுறையில் அதை ஒரு பகல் முழுவதும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

பாதையின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. 1990-இல் திறக்கப்பெற்றது. இதைக் கட்டியது அரசாங்கமன்று, கார்க் கம்பெனியுமன்று. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கத்தின் சொத்து இது. அச்சங்கத்தார் முன்பு பந்தயம் நடத்திய இடம் கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கத்துச் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுதளம் அது. இரவல் இடத்தில் ஓடிக் கொண்டிருந்தவர்கள் சொந்த நிலம் தேடிப் பாதை போட்டார்கள். ஒரு கட்டடம் எழுப்பவே நம் சங்கங்கள் எத்தனை ஆண்டு நன்கொடை திரட்டுகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பெரிய பந்தயங்கள் நடப்பது ஆண்டில் சில நாட்களே. ஏனைய நாட்களில் பாதையை வாடகைக்கு எடுத்து, சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் பொழுதுபோக்குக்காரர்கள் வருகிறார்கள். இதற்கு ‘டிராக் டே’ என்று பெயர். பரிசு இல்லை, கோப்பை இல்லை. என் அக்காள் மகன் அவர்களில் ஒருவன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வயது 24. பழைய மாருதி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். “சம்பளமெல்லாம் ரப்பராகக் கரைகிறது, நீ போய்ப் பார்த்துச் சொல்லடா” என்று அக்காள் என்னை அனுப்பி வைத்தாள்.

அக்காள் சொன்னது மிகையன்று. பையன் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தான். நான்கு டயர்களுக்கு 18,000 ரூபாய் கொடுத்திருக்கிறான். அவை தாங்கியது ஆறு நாள் ஓட்டம். ஒரு நாளைக்கு முப்பது சுற்று என்று கொண்டால் 111 கிலோமீட்டர்; ஆறு நாளைக்கு 666. ஆகக் கிலோமீட்டருக்கு 27 ரூபாய், டயருக்கு மட்டும்! அந்தப் பகல் முழுவதும் எரித்த பெட்ரோலின் விலையும் அதற்குக் கீழேதான். தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரத்தை ஸ்லீப்பர் வகுப்பில் ஆயிரம் ரூபாய்க்குள் கடந்து வந்த எனக்குத் தலை சுற்றியது.

இவ்வளவு விரைவில் டயர் தேய்வானேன்? அதைப் பையன் பொறுமையாக விளக்கினான். ரப்பர் சற்றுச் சூடேறினால்தான் தரையை நன்றாகப் பற்றும். சூடு மிஞ்சினால் வழுக்கும். வழுக்கினால் இன்னும் தேயும். சாலை டயரின் பள்ளங்கள் மழைநீரை ஒதுக்க ஏற்பட்டவை. அவற்றின் இடையிலுள்ள ரப்பர்க் கட்டிகள் வேகமான வளைவில் நெளிந்து, சூடேறி, ஓரம் கிழிகின்றன. இப்பாதையைக் கடிகார முள் செல்லும் திசையில் சுற்றுகிறார்கள். ஆகையால் வலப்புறம் திரும்பும்போதெல்லாம் காரின் பாரம் இடப்புறச் சக்கரங்களில் சாய்கிறது. முதலில் மொட்டையாவது இடது முன் டயரின் வெளி ஓரம். மற்ற மூன்றும் நன்றாயிருக்க, ஒன்று மட்டும் பாழாகிறது. எனவே டயர்களை இடம் மாற்றி மாட்டுகிறார்கள். காற்றையும் கவனிக்கிறார்கள். காலையில் 28 பவுண்டு இருந்தது, சில சுற்று ஓடி வந்தபின் 34 காட்டியது. கொஞ்சம் காற்றை இறக்கி, அதையும் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூட்டைத் தணித்த பிறகே நிறுத்துகிறார்கள். நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுப்பதில்லை. பிரேக் கொதித்துக் கொண்டிருக்குமாம். சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிறார்கள். எங்கள் யார்டில் நிற்கும் வண்டிகளுக்குக் கொடுப்பதைப் போலத்தான்!

இதில் ஒரு விந்தையும் உண்டு. அந்த வட்டாரமே டயர் விளையும் பூமி. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அரக்கோணத்திலும் டயர்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எப். ஆயிற்று. இத்தனை இருந்தும் கடையில் விலை குறைகிறதா என்றால், இல்லை.

தனி ஒருவனால் இச்செலவைத் தாங்க இயலாது. ஆகவேதான் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். பாதை வாடகை, ஆம்புலன்ஸ், தீயணைப்புச் சாமான், கொடி காட்டும் மார்ஷல்கள் ஆகிய எல்லாம் ஒரு கார் வந்தாலும் இருபது கார் வந்தாலும் ஏறத்தாழ ஒரே செலவு. ஆட்கள் சேரச் சேரத் தலைக்கு விழும் பங்கு குறைகிறது. காற்றடிக்கும் இயந்திரமும், சக்கரத்து நட்டை அளவாக முறுக்கும் சாவியும் குழுவுக்குப் பொது. டயரையும் மொத்தமாக வாங்கி விலை பேசுகிறார்கள். பந்தய வீரர்கள் கழித்துப் போட்ட டயரைப் பாதி விலைக்கு வாங்குவோரும் உண்டு. ரப்பர் இறுகிப் போயிருந்தால் பாதி விலையும் வீண் என்றான் பையன். அவன் குழுவில் ஒரு விதி இருக்கிறது: சாதாரணச் சாலை டயரைத்தான் மாட்ட வேண்டும். காசுள்ளவன் விலையுயர்ந்த மெது ரப்பரோடு வந்தால், இல்லாதவனும் கடன் வாங்கி அதையே தேடுவான் அல்லவா? இந்த விதியை இயற்றியவர் யாராயினும் குடும்பஸ்தராகத்தான் இருக்க வேண்டும்.

ஒழுங்குமுறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காலையில் ஒவ்வொரு காரையும் பரிசோதிக்கிறார்கள், ஹெல்மெட்டைப் பார்க்கிறார்கள், வண்டிக்குள் தண்ணீர்ப் புட்டி உருண்டு கிடந்தால்கூட வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். புதியவர்களுக்குத் தனிப் பிரிவு, பழகியவர்களுக்குத் தனிப் பிரிவு. நேர்பாதையில், முன்னே செல்பவர் கைகாட்டினால்தான் முந்தலாம். எங்கள் இரயில்வேயில் மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா என்று பொருள். இங்கே மஞ்சள் கொடி என்றால் முன்னே அபாயம், எவரையும் முந்தாதே என்று பொருள். நீலம், பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிடு. சிவப்பு, எல்லோரும் வேகத்தைக் குறைத்துத் திரும்புங்கள். வெயிலில் நாள் முழுவதும் கொடியோடு நின்றவர்களே அங்கே என் மரியாதைக்கு உரியவர்கள்.

ஒன்றுமட்டும் என் மனத்தை உறுத்தியது. நாம் வழக்கமாக எடுக்கும் கார் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில், பந்தயத்திற்கோ வேகச் சோதனைக்கோ வண்டியைப் பயன்படுத்தினால் கம்பெனி பொறுப்பேற்காது என்ற வாசகம் இருக்கிறது. சிறிய எழுத்தைப் படிப்பது எங்கள் பிழைப்பு. பையனின் பத்திரத்தை வாங்கி அந்த வரியைக் காட்டினேன். “தெரியும் மாமா. அதனால்தான் இந்தப் பழைய வண்டி. உடைந்தால் என் காசோடு போகட்டும்” என்றான். உடைவது வண்டி மட்டுமாக இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. மாலையில் அக்காளிடம் சொன்னேன்.

அக்காளிடம் இன்னொன்றும் சொன்னேன். அந்தப் பகல் முழுவதும் அங்கே எதிரே வரும் லாரி இல்லை, குறுக்கே ஓடும் குழந்தை இல்லை. அதே வேகம் நெடுஞ்சாலையில் போனால் என்ன ஆகும் என்பதை அவளே அறிவாள். நெடுநேரம் யோசித்து, ஆறு வாரத்திற்கு ஒரு முறை போகலாம், வீட்டுக்கடன் தவணை கட்டிய பிறகு மிஞ்சும் பணத்தில்தான் டயர் என்று தீர்ப்பளித்தாள். பையன் மாதம் ஒன்று கேட்டுப் பார்த்தான், பலிக்கவில்லை. இப்போது குறிப்புப் புத்தகம் பால் கணக்கோடு சமையலறை அலமாரியில் இருக்கிறது.