பீப் சத்தத்துக்குப் பிறகு

வாய்ஸ் மெயிலின் தந்தை என்று டல்லஸில் இருந்த கார்டன் மேத்யூஸைச் சொல்வார்கள். 1979-ல் விண்ணப்பித்து 1983-ல் பேட்டன்ட் வாங்கினார். எங்கள் ஆபீசுக்கு அது 2001-ல்தான் வந்து சேர்ந்தது.

பாஸ்வேர்டை மாற்று, பேரைச் சொல்லு, ஹாஷை அழுத்து என்று ஒரு அமெரிக்கப் பெண்குரல் விரட்டியது. 'நான் இப்போது சீட்டில் இல்லை' என்பதைச் சீட்டில் உட்கார்ந்துகொண்டே ஆறு தடவை பதிவு செய்தேன். ஆறிலும் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன் குரல்.

முதல் வாரம் சிவப்பு விளக்கு எரிந்ததெல்லாம் வெறும் 'ஹலோ... ஹலோ...'வுக்குத்தான். நம் ஜனங்களுக்கு மெஷினோடு பேசக் கூச்சம் (எனக்கும்தான்). ஊரிலிருந்து அம்மா மட்டும் முழுசாகப் பேசியிருந்தாள்: "யாருப்பா, அவன் குரல் மாதிரியே இருக்கு... வந்தான்னா அம்மா பேசினேன்னு சொல்லு. அவசரம் ஒண்ணுமில்லே. நீ சாப்பிட்டியா?"

அந்த மெஷின் முப்பது நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடும். மறுபடி 'சேவ்' கொடுத்தால் இன்னொரு முப்பது. மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகும்.

2006-ல் புது எக்ஸ்சேஞ்ச் மாட்டினார்கள். அந்த வாரம் நான் டெல்லியில். திரும்பி வந்து பட்டனை அழுத்தினால், வேறொரு பெண்குரல், முதலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள் என்றது.